மூன்று சென்ட்டில் வளர்ந்த வீடு: நெல்லைப் புறநகரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பேட்டையைத் தாண்டி சுத்தமல்லி விலக்குக்குப் போகும் வழியில், மாநகராட்சி எல்லைக்குள்ளேயே ஒரு மனை. முகப்பு 26 அடி, நீளம் 50 அடி. மூன்று சென்ட் என்று பத்திரம் சொல்லும். அளந்தால் ஆறேழு சதுர அடி குறையும். 2019-இல் அந்த மனையில் 360 சதுர அடியில் ஒரு வீடு எழுந்தது. இன்று அதே இடத்தில் கீழே ஏறத்தாழ 700 சதுர அடி, மேலே 360 சதுர அடி. கீழே மூன்று தலைமுறை குடியிருக்கிறது, மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இத்தனைக்கும் இடையில் போட்ட தளத்தை உடைத்ததோ, கட்டிய சுவரை வீணாக இடித்ததோ கிடையாது.

அந்த வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்தவன் நான். பாளையங்கோட்டையில் சின்ன வீடுகளுக்கு பிளான் போடுவதும் வேலையைப் பார்த்துக்கொள்வதும்தான் என் பிழைப்பு. குடும்பத்தின் பெயரையும் தெருவையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், சொல்லவில்லை. வீட்டின் கதையைச் சொல்லச் சம்மதித்தார்கள். நெல்லையில் வருமானம் குறைந்தவர்களுக்குச் சொந்த வீடு எட்டாமல் போவதற்கு சிமெண்டும் கம்பியும் விலை ஏறியது மட்டும் காரணம் இல்லை. முழு வீட்டையும் ஒரே மூச்சில் கட்டி முடித்துவிட வேண்டும் என்று நம் பழக்கமும் சொல்கிறது, வங்கியும் சொல்கிறது, மானிய விதியும் சொல்கிறது. கையில் அவ்வளவு பணம் சேராதவர் கடைசி வரை வாடகை வீட்டில் இருந்துவிடுகிறார், அல்லது கடன் வாங்கிக் கட்டி அதிலேயே மூழ்குகிறார். வீடு பிறகு வளர்வதற்கும், தேவைப்பட்டால் இரண்டாகப் பிரிவதற்கும் முதல் நாளே வழி வைத்துவிட்டால் இந்தக் கணக்கு மாறும் என்பதை இந்த மூன்று சென்ட் எனக்குக் காட்டியது.

ஊர் விரிந்த விதம்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சேர்த்து 1994-இல் மாநகராட்சி ஆக்கினார்கள். பரப்பு 108 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4.73 லட்சம். பாளையங்கோட்டைப் பக்கம் பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் என்று விரிந்தது பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களின் ஊர். அரசு ஊழியர், ஆசிரியர், போக்குவரத்துக் கழகத் தொழிலாளர், ஓய்வு பெற்றவர்கள். அவர்களிடம் சம்பளச் சீட்டு இருந்தது. அதைக் காட்டினால் கடன் கிடைத்தது.

நெல்லையின் பழைய நகர்ப் பகுதியை டவுன் என்போம். அந்த டவுனுக்கு மேற்கேயும் வடக்கேயும் நிலைமை வேறு. பேட்டை, பழையபேட்டை, தச்சநல்லூர், தாழையூத்துப் பக்கம் வீடு தேடுகிறவர்களில் பாதிப்பேர் தினக்கூலி, லேத் பட்டறை, ஆட்டோ, ஜவுளிக்கடை வேலை, அப்புறம் பீடி. பேட்டையில் சிட்கோ தொழிற்பேட்டையும் அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கின்றன. இன்னும் வடக்கே கங்கைகொண்டானில் சிப்காட் என்னும் அரசுத் தொழிற்பூங்கா வளர்ந்துகொண்டிருக்கிறது. டாடா குழுமத்தின் சூரிய மின்கலத் தொழிற்சாலை அங்கே 2025-இல் திறக்கப்பட்டது. வேலைக்கு ஆள் வருகிறார்கள், குடியிருக்க வீடு எங்கே என்பதை அதே வேகத்தில் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு காலத்தில் கம்பெனிகளே யோசித்தன. தாழையூத்தில் 1949-இல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை தொடங்கியபோது சங்கர் நகர் குடியிருப்பும் கூடவே வளர்ந்தது. குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் ஒரு நிம்மதி உண்டு. ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெறும் வயதில் முதல் வீட்டைக் கட்டத் தொடங்கியவர்களை இந்தப் பக்கம் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய், அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால்வாய், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் என்று தாமிரபரணித் தண்ணீர் இந்த ஊரின் நடுவிலேயே ஓடுகிறது. டவுனையும் பேட்டையையும் சுற்றி இருந்ததெல்லாம் நஞ்சை. வயல் மனையாகும்போது வாய்க்கால் சாக்கடையாகிறது, மடை இருந்த இடம் தெருவாகிறது. தண்ணீர் மட்டும் பழைய வழியை மறப்பதில்லை. நஞ்சையை மனையாக மாற்ற ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி தூங்கிய ஆண்டுகளில் போட்ட லே-அவுட்டுகளில்தான் இன்று பாதிப் புறநகர் குடியிருக்கிறது.

வளவிலிருந்து எடுத்துக்கொண்டது

இந்தக் குடும்பம் சொந்த மனைக்கு வருமுன் டவுனில் ஒரு வளவில் வாடகைக்கு இருந்தது. வளவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெருவைப் பார்த்து வீட்டுக்காரர் வீடு. அதன் பக்கவாட்டில் ஒரு நீளமான நடை. உள்ளே போனால் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். பெரும்பாலும் ஒரு தார்சா (முன்கூடம்), ஒரு பட்டாசல் (நடுக்கூடம்), ஓர் அடுக்களை. பொதுவில் ஒரு கிணறு, துவைக்கிற கல், கடைசியில் கக்கூஸ்.

வளவை நான் புகழ்ந்து எழுதப் போவதில்லை. பத்துக் குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ் என்பது பெண்களுக்குக் கொடுமை. ஒரு வீட்டுச் சண்டை எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஆனால் வளவில் ஒரு வசதி இருந்தது, அதை நாம் புறநகருக்கு எடுத்துவர மறந்துவிட்டோம். குடும்பம் பெரிதானால் பக்கத்து வீடு காலியாகும்போது அதையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள், நடுவில் ஒரு கதவு திறக்கும். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனால் அந்தக் கதவை மூடிவிட்டு ஒரு பாதியை விட்டுவிடுவார்கள். வீட்டுக்காரருக்கும் அப்படியே: வருமானம் குறைந்த வருஷம் தன் வீட்டில் ஒரு கட்டை, அதாவது ஒரு பகுதியை, பிரித்து வாடகைக்கு விடுவார். பொதுவான நடையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல் இருந்ததால் இதெல்லாம் முடிந்தது. இந்தத் தனி வாசலும், திறந்து மூடக்கூடிய நடுக்கதவும் நம் மூன்று சென்ட் வீட்டின் பிளானுக்கு அடிப்படை.

மனை

கணவர் பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். மனைவி பீடி சுற்றுகிறார். இரண்டு மகன்கள், ஒரு மகள், கணவரின் அப்பா. 2011-இல் மனைவி பெயரில் இந்த மனையை வாங்கினார்கள். அப்போது மானூர் சாலையில் இதே பணத்துக்கு ஆறு சென்ட் கிடைத்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கச் சொன்னார்கள். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் என்னிடம் காரணம் சொன்னார்: "பீடிக்கடைக்குப் பக்கத்துல இல்லாத வீடு எனக்கு எதுக்கு சார்? இலையும் தூளும் வாங்க பஸ்ஸுல போனா, நான் சுத்துறது பஸ்ஸுக்கே போயிரும்லா."

மலிவான வீடு என்று பேசும்போது மனை விலையையும் சதுர அடி விலையையும் மட்டும் பார்க்கிறோம். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் வேலைக்குப் போய்வரும் செலவு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வீட்டு விலையில் சேர்த்தி. ஊருக்கு வெளியே எங்கோ புறம்போக்கு கிடைத்தது என்று அடுக்குமாடி கட்டி ஏழைகளைக் கொண்டுபோய் வைக்கும்போது இதைத்தான் மறந்துபோகிறோம். வீட்டிலேயே வேலை செய்யும் பெண்களின் வருமானம் அங்கே முதலில் அடிபடும்.

சரி, மனை வாங்கியாயிற்று. ஆனால் அது அங்கீகாரம் இல்லாத லே-அவுட். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டபோது இவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. 2017-இல் அரசு வரன்முறை விதிகளை, அதாவது இப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் விதிகளை, கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி கிடைத்தது: முதலில் மொத்த லே-அவுட்டுக்கும் கொள்கை அளவில் ஒப்புதல், அப்புறம் தனித்தனி மனைக்குக் கட்டணம் கட்டி வரன்முறை. தெருக்காரர்கள் சேர்ந்து அலைந்து அதை முடித்தார்கள். பணம் கொஞ்சம் போனது உண்மை. ஆனால் அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்து நடந்தது எதுவுமே நடந்திருக்காது. இன்றும் "பிறகு பார்த்துக்கலாம்" என்று வரன்முறை செய்யாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டட அனுமதி, மானியம், கடன் மூன்றுக்கும் அதுதான் வாசல்.

முதல் கட்டு

அதற்குள் அவர்கள் வளவை விட்டு பேட்டையில் ஒரு வீட்டில் ஒத்திக்கு இருந்தார்கள். ஒத்தி நம் பக்கம் ஏழைகளின் சேமிப்பு என்றே சொல்லலாம். வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது; மாத வாடகை இல்லை, காலம் முடிந்தால் முதல் திரும்பி வரும். திரும்பி வரத்தான் நாளாகும். இவர்களுக்கும் நாளானது. வங்கியிலோ முழு வீட்டுக்கும் எஸ்டிமேட், இரண்டு பேருக்கும் வருமானச் சான்று என்று கேட்டார்கள். பட்டறையில் வாரக்கூலி வாங்குபவர் எதைக் காட்டுவார்?

பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த மனையில் பயனாளி தாமே கட்டிக்கொள்ளும் பிரிவு ஒன்று இருந்தது. மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், ஆக 2.10 லட்சம் ரூபாய், வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். நலிந்த பிரிவினருக்கு உள்ளளவு 30 சதுர மீட்டர், அதாவது 323 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். ஐந்தாறு பேருக்கு 323 சதுர அடி என்றால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். நான் அவர்களிடம் சொன்னது: இதை முழு வீடாக நினைக்காதீர்கள், வரப்போகும் வீட்டின் முன்பாதியாக நினையுங்கள்.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போதே இது வயல் என்று தெரிந்துவிட்டது. மேலே கொட்டியிருந்த சரளுக்குக் கீழே களிமண். கெட்டி மண் வரும்வரை இறங்கித்தான் பூட்டிங், அதாவது பில்லருக்கு அடியில் வரும் அடித்தளம், போட்டோம். 20 அடி அகலம், 18 அடி நீளத்துக்கு ஒன்பது பில்லர். ஒவ்வொரு பூட்டிங்கும் மேலே ஒரு மாடியைத் தாங்கும் அளவில். ஒற்றைத் தள வீட்டுக்கு இது அதிகச் செலவு என்று கொத்தனாரே சொன்னார். பூட்டிங்கில் மிச்சம் பிடித்த வீடு பிறகு வளரவே முடியாது. மற்ற எதிலும் மிச்சம் பிடிக்கலாம். தரைக்கு டைல்ஸ் போடவில்லை, சிமெண்ட் தரைதான். உள்ளே மட்டும் பூச்சு, வெளியே பூசாமல் விட்டோம். ஜன்னல் கதவு ஓர் அறைக்குத்தான். இவற்றை எந்த வருஷமும் செய்துகொள்ளலாம்.

படிக்கட்டை முதலிலேயே கட்டினோம். அது வீட்டுக்குள் இல்லை; தென்கிழக்கு மூலையில் வாசல் முற்றத்திலிருந்து நேரே மேலே போகிறது. மாடியே இல்லாத வீட்டுக்குப் படி எதற்கு என்று தெருவில் கேட்டார்கள். செப்டிக் டேங்க் முன்பக்கத்தில், லாரி நின்று குழாய் போடக்கூடிய தூரத்தில், இரண்டு குடும்பத்துக்கான கொள்ளளவில். பின்பக்கம் போட்டிருந்தால் அடுத்த கட்டு அதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் நான் பார்க்கிற பெரிய தொல்லை இதுதான்: அறைக்கு அடியில் டேங்க், அது நிறைந்தால் தரையை உடைக்க வேண்டும்.

பின்சுவரில் ஒரு வேலை செய்தோம். கதவு வரவேண்டிய இடத்துக்கு மேலே லிண்டல் (சுவரின் சுமையைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) போட்டு, கீழே மூன்றரை அடி அகலத்துக்கு மண்சாந்தில் செங்கல் அடுக்கி மூடினோம். மேலே தளத்தில் பில்லர் கம்பிகள் நின்றன. தளம் போட்ட அன்று அந்த அம்மா கொத்தனாரிடம், "அண்ணாச்சி, மேல நிக்கிற கம்பிய வெட்டிராதிய, பிறகு மாடி எடுக்கணும்" என்றார். "வெட்ட மாட்டேன் தங்கச்சி, ஆனா சும்மாவும் விடப்படாது, துரு ஏறிரும்" என்று சொல்லி, கம்பிகளுக்கு சிமெண்ட் பால் அடித்து, சுற்றிலும் சிமெண்ட் குறைந்த கான்கிரீட்டால் ஓர் அடி உயரத்துக்குக் கட்டி மூடினார் கொத்தனார். நெல்லை முழுக்க மொட்டை மாடிகளில் துருப்பிடித்து நிற்கும் கம்பிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவை நிற்பதே அடுத்த கட்டுக்காக. அந்தக் காலம் வரும்போது கம்பி பாதியாகத் தேய்ந்திருக்கும்.

வீட்டின் முன்னால் ஆறடி அகலத்துக்குக் கம்பி அழி போட்ட வராந்தா. அதுதான் அந்த அம்மாவின் பட்டறை. பீடி சுற்றுகிறவர்கள் சொளகை (முறத்தை) மடியில் வைத்துக் காலை முதல் இரவு வரை தரையில் உட்கார்ந்திருப்பார்கள். புகையிலைத் தூள் காற்றில் பறக்கும், இருமல் வரும். சிறு வீடுகளில் சமைக்கும், படுக்கும், பிள்ளை படிக்கும் அதே அறையில்தான் இது நடக்கிறது. வராந்தாவுக்கும் வீட்டுக்கும் நடுவே கதவு வைத்து, தூள் உள்ளே வராமல் வெளியே போகும்படி காற்று வழி கொடுத்தோம். பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர் என்று எத்தனையோ ஊர்களில் வீடே தொழிற்கூடமாக இருக்கும் மாவட்டத்தில், அரசின் மாதிரி வரைபடங்களில் வேலை செய்ய ஓர் இடம் தனியாகக் காட்டப்படாதது எனக்குப் புரியவே இல்லை.

இரண்டாம் கட்டு

2020 ஊரடங்கில் மூத்த மகன் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுத் திரும்பி வந்தான். அடுத்த ஆண்டு தாத்தா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 2021 கடைசியில் பின்கட்டைத் தொடங்கினார்கள். பீடித் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு. அந்த அம்மாவின் கணக்கிலிருந்து வீடு கட்ட முன்பணம் எடுத்தார்கள். மீதி நகைக்கடன். ஆறு பில்லர் புதிதாக எழும்பியது. மண்சாந்துச் செங்கலைப் பிரிக்க ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது; செங்கல் முழுசாகவே வந்தது, அதையே பின்சுவருக்கு வைத்தார்கள்.

பின்னறைக்கு மூன்றரை அடிக் கதவு, குளியலறைக்குப் படி இல்லாத தரை, பக்கச்சுவரில் பிடிகம்பி. இவை தாத்தாவுக்காக. இன்று அவர் நாற்காலியில் அமர்ந்தபடி குளியலறை வரை போகிறார். பிள்ளைகளெல்லாம் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட்ட ஊர் இது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்த வீடுகளில் குளியலறைக்கு ஓர் அடிப் படியும் இரண்டடிக் கதவும் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், கட்டிய காலத்தில் இருநூறு ரூபாய் கூடச் செலவாகாத ஒரு மாற்றம் இப்போது எத்தனை பேரைக் கட்டிலிலேயே கிடத்துகிறது என்று தோன்றும்.

முன்கட்டும் பின்கட்டும் சேரும் இடத்தில், வடபக்கம், நாலுக்கு ஆறடி வானவெளியாக விட்டோம். 24 சதுர அடியை வீணாக்குவதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நெல்லைக்குக் கிடைத்த வரம். பின்கட்டு வந்ததும் முன்கட்டின் மேற்கு ஜன்னல் அடைபட்டுப்போகும். அந்த வானவெளி இல்லாவிட்டால் நடு அறை இருட்டறைதான். இப்போது பகலில் அங்கே விளக்குப் போடுவதில்லை.

வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டைக்குள் வந்தது. ஜங்ஷன் பேருந்து நிலையமும் ஆட்சியர் அலுவலக வளாகமும் நீரில் நின்றன. நம் மனை இருக்கும் தெரு ஆற்றிலிருந்து தள்ளி இருந்தும் வாய்க்கால் உடைந்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பேஸ்மட்டத்தை ரோட்டிலிருந்து மூன்று அடி தூக்கியிருந்ததால் வீட்டுக்குள் வரவில்லை. தாழ்வான பக்கத்து வீட்டுக்காரர்கள் கைக்குழந்தையோடு இந்த வீட்டுப் படிக்கட்டில் ஏறி மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி இரவைக் கழித்தார்கள். மாடியில்லாத வீட்டுக்குப் படி எதற்கு என்று கேட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

அந்த மூன்று அடி இப்போது இரண்டேகால் அடியாகிவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டதால் வந்த வினை. மனிதர் வாழ்நாள் சேமிப்பில் உயர்த்திய பேஸ்மட்டத்தை ஓர் ஒப்பந்தக்காரர் ஒரு மழைக்காலத்துக்குள் விழுங்கிவிட முடிகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்ற உத்தரவு இருக்கிறது. தெருக்காரர்கள் நின்று கேட்டால்தான் நடக்கிறது.

மூன்றாம் கட்டு, வாடகை

2024-இல் முன்கட்டின் மேல் மாடி எடுத்தார்கள். தனியாக அனுமதி வாங்கி, கம்பியைச் சுற்றிய கான்கிரீட்டைத் தட்டி எடுத்தபோது கம்பி புதுசாக இருந்தது. படி ஏற்கெனவே வெளியே இருந்ததால் மாடி பிறந்தபோதே தனி வீடாகப் பிறந்தது. மின் இணைப்பும் தனியாக வாங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை அப்போதுதான் குடியிருப்பவருக்குப் போய்ச் சேரும். ஒரே மீட்டரில் வாடகைக்காரரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கம் நியாயமில்லை.

நெல்லையில் வாடகை வீடு தேடிப் போனால், வாடகை எவ்வளவு என்று நாம் கேட்கும் முன் நாம் யார் என்று அவர்கள் கேட்டுவிடுவார்கள். ஊர், தெரு, கும்பிடுகிற சாமி என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்ளும் விதங்கள் இங்கே பல. மதமும் அப்படியே. சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் இளைஞனுக்கு சம்பளம் இருக்கும், வீடு இருக்காது. 1998 முதல் பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் எல்லாச் சாதியாரையும் நூறு நூறு வீடுகளாகச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். அந்த எண்ணம் புறநகரின் தனியார் மனைகளுக்குள் வரவே இல்லை. வீட்டுவசதித் திட்டம் போடுகிறவர்கள் இதை சமூகப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வாடகைக்கு விடத் தயாராக இருக்கும் வீடுகளில் பெரும்பகுதி ஒரு மனிதருக்கு மூடியிருக்கிறது என்றால் அது வீட்டுப் பற்றாக்குறைதான்.

இந்தக் குடும்பம் டவுனில் வீடு தேடிய காலத்தில் அந்தக் கேள்வியால் பட்டது. மாடி கட்டி முடிந்ததும் அந்த அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார், யாரிடமும் கேட்கக் கூடாது என்று. அரசு மருத்துவமனையில் ஒப்பந்தப் பணியில் இருக்கும் ஒரு பெண்ணும் அவருடைய தாயாரும் குடிவந்தார்கள். சொந்தத்தில் சிலர் பேச்சை நிறுத்தினார்கள், பிறகு தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்காமல் விட்டிருக்கிறார்கள். வருகிற வாடகை நகைக்கடன் வட்டிக்குப் போகிறது.

மாநகராட்சியும் அரசும் செய்ய வேண்டியது

ஒரு குடும்பத்தின் பிடிவாதத்தால் நடந்ததை ஊர் முழுக்க நடக்க வைக்க என்ன வேண்டும்? முதல் தேவை, கட்டம் கட்டமாக வளரும் வீட்டுக்கு ஒரே தடவையில் அனுமதி. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும், இணைய வழியில் உடனே அனுமதி. நல்ல காரியம். அதனுடன் மண்ணுக்கு ஏற்ற சில மாதிரி வரைபடங்களையும் மாநகராட்சி கொடுத்தால் எவ்வளவோ உதவும். பேட்டை வயல் மண்ணுக்கு ஒன்று, மானூர்ப் பக்கத்துக் கரிசலுக்கு ஒன்று. கரிசலில் பூட்டிங் போடும் முறையே வேறு, அதைத் தெரியாமல் கட்டி இரண்டாம் வருஷமே சுவர் வெடித்த வீடுகள் அங்கே ஏராளம். மூன்று கட்டும் வரைந்து, முதல் கட்டுக்கு எங்கே லிண்டல், எங்கே டேங்க், எங்கே படி என்று அதில் காட்டிவிடலாம்.

கடன் அதைவிட முக்கியம். மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று மூன்று தடவை கொடுக்க வங்கிகளுக்கு மனம் வர வேண்டும். 2024-இல் தொடங்கிய இரண்டாவது நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் மானியம் 2.5 லட்சம் ஆகியிருக்கிறது, வீட்டின் அளவும் 45 சதுர மீட்டர் வரை போகலாம். ஆனால் மானியம் முதல் கட்டோடு நின்றுவிடுகிறது. கிராமங்களில் கலைஞரின் கனவு இல்லம் 3.5 லட்சத்தில் 360 சதுர அடி தருகிறது. நம் வீட்டின் முதல் கட்டும் அதே அளவுதான். அந்த 360-ஐ எந்தப் பக்கம் நீட்டலாம் என்று கட்டும்போதே தீர்மானித்துவிட்டால் அரசுப் பணத்துக்கு இரட்டைப் பலன்.

மனை விஷயத்தில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட லே-அவுட்டில் பத்தில் ஒரு பங்கு நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக இருக்க வேண்டும் என்று 2019 கட்டட விதிகள் சொல்கின்றன. நெல்லையைச் சுற்றி என் கண்ணில் படும் லே-அவுட்டுகள் பலவும் அதைவிடச் சின்னவை. விதி அவற்றைத் தொடாது. அந்த வரம்பைக் கீழே இறக்க வேண்டும். இன்னொன்று, டவுனிலேயே ரத வீதிகளைச் சுற்றி பங்காளிச் சண்டையில் பூட்டிக்கிடக்கும் வளவுகள். கக்கூஸும் தண்ணீர்க் குழாயும் வீட்டுக்கு வீடு கொடுத்துச் சீர்படுத்த ஒரு கடன் திட்டம் வந்தால், வயலைத் தொடாமலேயே வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கலாம்.

அடுத்து

இளைய மகனுக்கு இப்போது இரண்டாவது மாடி கட்ட ஆசை. முடியாது என்று சொல்லிவிட்டேன். பூட்டிங் ஒரு மாடிக்கானது. பின்கட்டின் மேல் மட்டும் இன்னும் ஒரு வீடு வரலாம், அந்த ஆறு பில்லரும் அதற்கான கனத்தில்தான் இருக்கின்றன. அதற்கு நடை முன்படியிலிருந்தே போகும். அந்த இடத்தை மகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுத வேண்டும் என்று அந்த அம்மா சொல்கிறார். மகன்கள் இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. தளவாரியாக எழுதும்போது படிக்கட்டும், டேங்கும், மொட்டை மாடியும் யாருக்கு எந்த அளவில் பொது என்று பத்திரத்தில் தெளிவாக வர வேண்டும். அதற்கான அளவு வரைபடத்தைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்.